வியாழக்கிழமை வீக்கம்

டாக்டர் அனிட்டாவுக்குக் கோபம் மூக்கு நுனியில். கொடைக்கானலில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். தெரியாதவர்கள், ஒரே ஒருமுறை மாத்திரையை விட்டுவிட்டு அவள் முன்னால் போய் உட்கார்ந்தால் தெரிந்துகொள்வார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் மகள். அம்மாவின் பிரம்புதான் மகள் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பாகத் தொங்குகிறது என்று வார்டில் கேலி பேசுவார்கள். ஆனால் அந்தக் கோபத்துக்குள் இருந்த அக்கறையை யாரும் சந்தேகப்பட்டதில்லை. வந்தவர் பிழைத்துக் கிடக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

ஏரிக்கு மேலே சரிவில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரி அது. படித்து முடித்து, மதுரையில் சில வருஷம் பெரிய டாக்டர்களுக்குக் கீழே இருந்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவள், வந்த வேகத்தில் வியாழக்கிழமைதோறும் இதய நோயாளிகளுக்கென்று தனி ஓ.பி. ஆரம்பித்தாள். இதயம் பலவீனப்பட்டு, ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாமல், காலிலும் நுரையீரலிலும் நீர் கோத்துக்கொள்கிறவர்கள்தான் அதில் முக்கால்வாசிப் பேர். இவர்களுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதில் இன்றைக்குப் பெரிய குழப்பம் கிடையாது. நான்கு வகை மருந்து. நான்கையும் குறைந்த அளவில் சட்டுப்புட்டென்று ஆரம்பித்துவிட வேண்டும். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரவழைத்து, பிரஷர் பார்த்து, ரத்தம் பார்த்து, அளவை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். தேங்கிய நீரை இறக்குவதற்கு நீர் மாத்திரை தனியாக. வீக்கம் கூடினால் அதுவும் கூடும், குறைந்தால் குறையும். கைட்லைன் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

"மலையில இதெல்லாம் வேலைக்கு ஆகாது அனிட்டா. மாத்திரை வாங்கிட்டுப் போனா அடுத்த தீபாவளிக்குத்தான் வருவாங்க" என்று மதுரைப் பெரிய டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். நடத்திக் காட்டாமல் விடுவதில்லை என்று அவளும் முடிவோடுதான் மலையேறினாள். முதல் வருஷத்திலேயே நடத்தியும் காட்டினாள். வர வேண்டிய வியாழக்கிழமை வராதவர்களுக்கு நர்ஸ் தமிழ்மதி போன் போடுவாள். அப்படியும் வராதவர்களுக்கு டாக்டரே போட்டுவிடுவாள். அந்தப் போனுக்குப் பயந்தே வந்தவர்கள் உண்டு.

கந்தம்மாள் அப்படிப் பயந்து வந்தவள் அல்ல. அவளாகவே வந்தாள், கிளாவரையிலிருந்து. கேரள எல்லையை ஒட்டி, மேல்மலையின் அந்தக் கடைசியில் இருக்கும் ஊர். பூண்டும் கேரட்டும் பீன்ஸும் போடுகிற ஊர். நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண். ஒரு விஷக் காய்ச்சல் வந்து போன பிறகு மூச்சு வாங்கத் தொடங்கியது. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து நடக்க வேண்டியதாகி, கடைசியில் படுக்கவும் முடியாமல் போனது. எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், இதயம் பாதிப் பலத்துக்கும் கீழே ஓடிக்கொண்டிருந்தது. மருந்துகளை ஆரம்பித்ததும் நன்றாகவே தேறினாள். புருஷன் வேலப்பன் மாத்திரைகளை வேளாவேளைக்குத் தன் கையாலேயே எடுத்துக் கொடுப்பான். சொன்ன தேதியில் கூட்டியும் வருவான். இப்படி ஒரு கேஸ் கிடைத்தால் எந்த டாக்டருக்குத்தான் பிடிக்காது!

நாலைந்து முறை வந்த பிறகு ஒரு வியாழக்கிழமை, கந்தம்மாளின் கணுக்காலில் அனிட்டா விரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்தது. எடையும் ஏறியிருந்தது.

"மாத்திரையெல்லாம் தினமும் போடுறீங்களாக்கா?"

"போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் டாக்டரம்மா."

"உப்பு?"

"கஞ்சிக்குக்கூட உப்புப் போடலீங்க" என்றான் வேலப்பன்.

அனிட்டா நீர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினாள். இரண்டு வாரம் கழித்து வந்தார்கள். கால் மறுபடியும் வீங்கியிருந்தது. இன்னும் கூட்டினாள். அதற்கடுத்த முறையும் அதே கதை. அன்றைக்கு ஓ.பி.யில் கூட்டம் தாங்கவில்லை, அனிட்டாவின் கோபம் மூக்கு நுனியிலிருந்து நாக்குக்கு இறங்கிவிட்டது.

"உப்பும் இல்ல, கருவாடும் இல்ல, ஊறுகாயும் இல்ல. அப்ப இந்தத் தண்ணி வானத்துல இருந்து வந்துச்சா? உங்க நாக்குக்கு ருசி கேக்குதுன்னு இவங்களக் கொன்னுராதீங்கண்ணே!"

வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வேலப்பன் முகம் சுருங்கிப் போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தவன், சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான். கந்தம்மாள் அவன் பின்னாலேயே போனாள்.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. பக்கத்துத் தோட்டத்துக்காரரின் காய்கறி ஜீப்பில் கந்தம்மாளைத் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தான் வேலப்பன். பூண்டுக்குக் களை எடுக்கும்போது தலை சுற்றி விழுந்திருக்கிறாள். நெற்றியில் கல் குத்திக் கிழித்திருந்தது. பிரஷர் பாதாளத்தில் கிடந்தது. நாக்கு வறண்டு, கண் உள்ளே போய், கால் குச்சியாக இருந்தது. ரத்தம் பார்த்ததில் சிறுநீரகமும் திணறத் தொடங்கியிருந்தது. உடம்பில் நீர் அதிகம் என்று நீர் மாத்திரையை ஏற்றிவிட்டவள், இப்போது நீர் பற்றவில்லை என்று தன் கையாலேயே குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினாள்.

கந்தம்மாள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அனிட்டாவுக்குப் புரியவில்லை. ஒரு உடம்பு போன வியாழக்கிழமை ஊறிப்போய்க் கிடக்கிறது, அடுத்த வாரம் காய்ந்துபோய்க் கிடக்கிறது. என்ன கணக்கு இது? மதுரைக்குப் போன் போட்டாள். "டோஸ் கூடிப்போச்சு, குறைச்சு விடு" என்றார் பெரிய டாக்டர். அது அவளுக்கும் தெரியும். ஏன் கூட்ட வேண்டி வந்தது என்பதுதான் கேள்வி. அதற்கு எந்தக் கைட்லைனிலும் பதில் இல்லை. அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்து, ஒரு வாரத்தில் கட்டாயம் வரச் சொல்லி அனுப்பினாள். வேலப்பன் சீட்டைப் பார்க்காமலேயே வாங்கிப் பையில் திணித்துக்கொண்டான்.

வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. தமிழ்மதியின் போனை எடுக்காதவன், அனிட்டாவின் போனை எடுத்தான்.

"மாத்திரைய எல்லாம் நிப்பாட்டிட்டோம் டாக்டரம்மா."

"எல்லாத்தையுமா? அண்ணே, அது தப்புண்ணே. நிப்பாட்டினா மறுபடியும் மூச்சு முட்டும். உயிருக்கே..."

"ஒங்க மாத்திரைதான் அவளச் சாய்ச்சது. ஆத்தா விட்ட வழின்னு இருந்துக்கிறோம். எனக்குத் தோட்டத்துல சோலி கெடக்கு." போன் வைக்கப்பட்டுவிட்டது.

அனிட்டாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். அது அடங்கியதும் பயம் வந்தது. நாலு மருந்தையும் ஒரே நாளில் நிறுத்திய இதயம் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். மறுநாளைக்கு ஆஸ்பத்திரி ஜீப்பைக் கேட்டு வாங்கினாள். ஊசி மருந்துகள், சின்ன ஆக்சிஜன் சிலிண்டர், தமிழ்மதி, டிரைவர் முகேஷ். காலையில் வெள்ளனே கிளம்பினார்கள். கிளம்புகிற நேரத்தில் முகேஷின் மனைவி பிளாஸ்கில் காபி கொடுத்தனுப்பியிருந்தாள். முகேஷ் மட்டும் இரண்டு டம்ளர் குடித்தான். அனிட்டா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். தமிழ்மதியும் வேண்டாம் என்றாள்.

பூம்பாறை தாண்டி ஒரு வளைவில் முகேஷ் ஜீப்பை ஓரங்கட்டினான். "ஒரு நிமிஷம் டாக்டர்" என்று இறங்கி, ரோட்டோரத்து மரத்துப் பக்கம் போனான். விசிலடித்துக்கொண்டே திரும்பி வந்து வண்டியை எடுத்தான். ஆண்களுக்கு மலை முழுக்கக் கழிப்பறைதான், யார் கேட்பது? அனிட்டா எரிச்சலோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய முகம் அப்படியே நின்றது.

"தமிழ், நீ ஏன் காபி குடிக்கல?"

"என்ன டாக்டர் கேக்குறீங்க? வழியில எங்க போறது? நீங்களும்தான் குடிக்கல."

"நான் காபி குடிக்கல. கந்தம்மாக்கா பஸ் ஏறுற அன்னைக்கு என்ன செய்வாங்க?"

இரண்டு பேருமே மேல்மலைப் பஸ்ஸில் போய் வந்தவர்கள்தான். காலையில் ஒரு வாய்த் தண்ணீர் படாமல் ஏறி, கொடைக்கானலில் இறங்கியதும் ஓடுகிறவர்கள்தான். காபிக்கே இந்தக் கதி என்றால், போட்ட அரை மணியில் சிறுநீருக்கு விரட்ட ஆரம்பிக்கிற நீர் மாத்திரையை எந்தப் பெண் போட்டுக்கொண்டு அந்தப் பஸ்ஸில் ஏறுவாள்? தன் வியாழக்கிழமை நோயாளிகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள் அனிட்டா. மேல்மலையிலிருந்து வருகிற ஆண்களுக்கு அளவு ஒழுங்காகப் படிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் வீங்கிய காலோடு வந்து, திட்டும் வாங்கிக்கொண்டு, கூடுதல் மாத்திரையோடு திரும்பியவர்கள் அத்தனை பேரும் பெண்கள். "முகேஷ், கொஞ்சம் வெரசா போ" என்றாள்.

கிளாவரையில் வேலப்பன் வாசலிலேயே நின்றிருந்தான். ஜீப்பைப் பார்த்ததும் அவன் முகத்தில் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. "நானே போன் போடணும்னு இருந்தேன். 108-க்குச் சொன்னேன், அது ஒரு பிரசவக் கேஸை ஏத்திக்கிட்டு அடிவாரத்துக்குப் போயிருக்காம்." உள்ளே கந்தம்மாள் கட்டிலில் கால்களைத் தொங்கப்போட்டு, முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ராத்திரி முழுக்க அப்படியேதான் இருந்திருக்கிறாள். கால் முழங்கால் வரைக்கும் வீங்கியிருந்தது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இரண்டு பக்கமும் நீர் கொறகொறத்தது. தமிழ்மதி ஆக்சிஜனை மாட்டிவிட்டு, கையில் ஊசிக்கு வழி செய்தாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஆஸ்பத்திரிக்கு வர்ற அன்னைக்கு நீர் மாத்திரை போடுவீங்களா?" என்றாள் அனிட்டா.

கந்தம்மாள் அந்த நிலைமையிலும் அவளை வேடிக்கையாகப் பார்த்தாள். "பஸ்ஸு ஏறுற... அன்னைக்கு... அதை யாரு... போடுவா?"

"மொத நா சாயங்காலமே பூம்பாறையில இவ தங்கச்சி வீட்டுக்கு வந்துருவோம்" என்றான் வேலப்பன். "காலையில கிளாவரை பஸ்ஸைப் புடிச்சா ஓ.பி. டோக்கன் கெடைக்காது. அதனால அந்த ரெண்டு நாளைக்கும் அந்த ஒரு மாத்திரைய மட்டும் எடுத்து வச்சிருவேன். பொம்பளையாளு பஸ்ஸுல எப்படி டாக்டரம்மா? வீட்டுக்கு வந்துட்டா ஒண்ணு தப்பாமக் குடுத்துருவேன், நீங்க கூட்டி எழுதுனதை எல்லாம்."

ரகசியம் ஒன்றுமே இல்லை. யாரும் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை. தினமும் போடுகிறீர்களா என்று கேட்டாள், தினமும் போட்டார்கள். ஊருக்குப் போகிற நாளை அந்தக் கணக்கில் யார் சேர்ப்பார்கள்? இரண்டு நாள் நீர் மாத்திரை இல்லாமல் ஊறிய உடம்பைப் பார்த்து அளவைக் கூட்டினாள். கூட்டிய அளவை அந்த உடம்பு வீட்டில் தினமும் விழுங்கிக் காய்ந்தது. மாத்திரை அவளைச் சாய்த்தது என்று வேலப்பன் சொன்னதில் பொய் இல்லை.

"அண்ணே, உப்புப் போட்டீங்கன்னு உங்களை அத்தனை பேருக்கு முன்னால பேசிட்டேன். தப்பு என்னோடது" என்றாள் அனிட்டா.

"அன்னைக்கு இருந்து... அவரும்... உப்பில்லாமத்தான்... திங்கிறாரு" என்றாள் கந்தம்மாள்.

அனிட்டாவால் வேலப்பனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அழுதுவிடுவோமோ என்று பயந்து, ஊசியில் மருந்தை ஏற்றத் தொடங்கினாள். நீரை இறக்குகிற ஊசி. போட்ட பத்து நிமிஷத்தில் வேலை செய்யும், இரண்டு மணி நேரத்துக்கு விடாது. சிலிண்டரோ சின்னது; இங்கேயே உட்கார்ந்து காத்திருந்தால் பாதி வழியில் தீர்ந்துபோகும். உடனே ஏற்றிக்கொண்டு போயாக வேண்டும்.

கந்தம்மாள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என்ன ஊசி... அது? நீர் ஊசியா? ஜீப்புல... போகணும்... வேணாம்."

"அக்கா, இது போடாட்டி நீங்க கொடைக்கானல் போய்ச் சேர மாட்டீங்க."

"செத்தாலும்... சேலைய நனைச்சுக்கிட்டு... ஊரு வழியே... வர மாட்டேன்."

சிறுநீருக்குக் குழாய் போட்டுவிட்டால் தீர்ந்தது. ஆனால் பையில் குழாய் இல்லை. வழக்கமாக இந்த இடத்தில் அனிட்டாவுக்குக் கோபம் வரும். உயிரை விடவா சேலை பெரிது என்று ஒரு அதட்டல் போடுவாள். இன்று வரவில்லை. காலையில் காபியைத் தள்ளிய கை அவளுடையதுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கெங்க வருதோ அங்கெல்லாம் வண்டிய நிறுத்துறேன். பத்து தடவைன்னாலும் நிறுத்துறேன். நானும் தமிழும் கம்பளியப் புடிச்சு மறைச்சுக்கிறோம். முகேஷும் அண்ணனும் அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு நிப்பாங்க. பஸ்ஸுல உங்களுக்கு நிறுத்த ஆள் இல்ல. இன்னைக்கு நான் இருக்கேன்."

கந்தம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவன் கட்டிலில் கிடந்த கம்பளியை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டான். அவள் கையை நீட்டினாள்.

பூண்டி வருவதற்குள்ளேயே முதல் முறை நிறுத்த வேண்டி வந்தது. கந்தம்மாளைக் கைத்தாங்கலாக இறக்கி, டயர் ஓரமாக உட்காரவைத்து, ஆக்சிஜன் குழாயையும் கூடவே இழுத்துக்கொண்டு, இரண்டு பெண்களும் கம்பளியை விரித்துப் பிடித்தார்கள். கவுஞ்சிக்கு முன்னால் மறுபடியும். ஒரு கேரட் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. டாக்டர் அவனை என்ன சொல்லித் திட்டினாள் என்பதை எழுத முடியாது. மன்னவனூர்ப் புல்வெளியில் வந்தபோது, "இங்கன வேணாம், ஒரு மரங்கூட இல்ல" என்று கந்தம்மாளே அடக்கிக்கொண்டாள். முகேஷ் வண்டியை விரட்டினான்.

நடுவில் வேலப்பன் மெல்லக் கேட்டான். "இனிமே அந்த மாத்திரைய எப்ப குடுக்கறது டாக்டரம்மா?"

அப்படியென்றால் மறுபடியும் கொடுப்பான். அனிட்டாவின் நெஞ்சிலிருந்து கனம் இறங்கியது.

"கொடைக்கானல் வர்ற அன்னைக்கு வந்து சேர்ந்த பிறகு போட்டாப் போதும். ஆஸ்பத்திரியில கக்கூஸ் இருக்கு. கால் வீக்கத்தைப் பார்க்குறது ஆஸ்பத்திரியில வேணாம், உங்க வீட்டுல பார்த்துக்கலாம். ஒரு எடை மெஷின் தர்றேன். தினமும் காலையில எடையப் பார்த்துப் போன்ல சொல்லுங்க. மத்த மாத்திரையெல்லாம் முதல்ல இருந்து, சின்ன டோஸ்ல. இந்தத் தடவை உங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் ஏத்துவேன்."

"நீங்க கூப்புடுற மத்த பொம்பளையாளுகளையும் கேட்டுக்கிருங்க" என்றான் அவன். குத்திக் காட்டிச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னான்.

பைன் மரங்கள் வந்ததும் மறுபடியும் நிறுத்தினார்கள். கம்பளியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பின்னால் ஒரு டூரிஸ்ட் கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி ஒரு ஆள் தலையை நீட்டினான். "மேடம், இங்க ஏதும் வியூபாயிண்ட் இருக்கா?"

"ஒரு வியூவும் கிடையாது, போய்யா அந்தப் பக்கம்!" என்று அனிட்டா போட்ட சத்தத்தில் கார் அடித்துப்பிடித்துக்கொண்டு பறந்தது. தமிழ்மதி சிரிப்பை அடக்க முடியாமல் கம்பளியின் ஒரு மூலையை நழுவவிட்டாள். முதுகைக் காட்டி நின்றிருந்த வேலப்பனின் தோள்கள்கூடக் குலுங்கின. கம்பளிக்குப் பின்னாலிருந்து கந்தம்மாள் டயரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு அனிட்டாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காலையில இருந்து நீங்களும் அடக்கிக்கிட்டுத்தான இருக்கீங்க டாக்டரம்மா, மொகத்தப் பாத்தாலே தெரியுது, வெக்கப்படாமப் போயிட்டு வாங்க, நானும் இந்தப் புள்ளையும் கம்பளியப் புடிச்சுக்கிறோம், எவன் கார நிப்பாட்டுறான்னு நான் பாக்குறேன்!"

ஒரே மூச்சில் சொன்னாள். நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. காலையில் சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கியவள் அவள்; அனிட்டா அதைக் கவனித்துக்கொண்டாள். பிறகு கம்பளியின் முனையைக் கந்தம்மாளின் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் போனாள்.